முதலில் வீடு, பிறகு ஹாம்ஸ்டர்

ஹாம்ஸ்டர் வளர்க்கப்போகிறோம் என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "மே மாசம் உங்க ரூம் எவ்ளோ சூடாகும்?" என்பதுதான். என்ன நிறம், என்ன வகை, எந்தக் கடை என்பதெல்லாம் அப்புறம். அந்தப் பிராணிக்குச் சுகமான சூடு 18 முதல் 24 டிகிரி வரை. 30-ஐத் தாண்டினால் திணற ஆரம்பித்துவிடும். நம்மைப் போல வியர்த்து உடம்பைக் குளிர்த்துக்கொள்ள அதற்கு வழியில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் கொதிக்கும். அப்படி ஓர் அறையில் ஏ.சி. இல்லாமல் ஹாம்ஸ்டரை வைக்க வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளை அழுதாலும் பரவாயில்லை. வெயிலில் தவித்து அது சாவதைப் பார்த்தால் அதைவிட அதிகமாக அழும்.

சூட்டுக்கு வழி இருக்கிறது என்றால் அடுத்தது வீடு. கடையில் ஹாம்ஸ்டரோடு சேர்த்து ஒரு கூண்டைக் காட்டுவார்கள். இளஞ்சிவப்பு அல்லது நீலப் பிளாஸ்டிக் அடி, மேலே கம்பி, உள்ளே ஒரு குட்டி மாடி, வெளியே வளைந்து போகும் குழாய், உள்ளங்கை அளவுச் சக்கரம். பார்க்க அழகாக இருக்கும், குழந்தைக்கு உடனே பிடித்துவிடும். அதை வாங்காதீர்கள். அடியில் நாலு விரல்கடை மரத்தூள்கூட நிற்காது. அதில் விட்ட ஹாம்ஸ்டர் கொஞ்ச நாளில் கம்பியைக் கடிக்க ஆரம்பிக்கும். "பல்லைத் தீட்டிக்குது" என்பார்கள். பெரும்பாலும் அது வெளியே போக வழி தேடும் தவிப்பு. மூக்கு மேலே முடி தேய்ந்து வழுக்கையாகும் வரை கடிக்கும்.

ஏன் தவிக்கிறது என்று புரிய, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1930-ல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ பக்கம் ஒரு கோதுமை வயலைத் தோண்டவைத்து, ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். பெட்டியில் போட்டதும் தாய் தன் குட்டி ஒன்றைக் கொன்றுவிட்டது. பிழைத்த சில குட்டிகள் ஜெருசலேமில் பெருகின. இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள்தாம். கோல்டன், டெடி பியர் என்று நம் கடைகளில் விற்பதும் இதே சிரியன்தான். நிறமும் முடியின் நீளமும்தான் வேறு.

1990-களின் கடைசியில் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் மறுபடி அலெப்போ பக்கம் போய் ஹாம்ஸ்டர் வளைகளைத் தோண்டி அளந்தார்கள். சராசரி ஆழம் 65 சென்டிமீட்டர், சிலது ஒரு மீட்டரைத் தாண்டியது. செங்குத்தாக இறங்கும் வாசல், உள்ளே தூங்க ஓர் அறை, தானியம் சேர்க்க ஓர் அறை, சிறுநீர் கழிக்க முட்டுச்சந்தாக முடியும் ஒரு கிளை. வளைக்கு ஒரு பெரிய ஹாம்ஸ்டர்தான். வெளியே வெயில் எரித்தாலும் அந்த ஆழத்தில் மண் குளிர்ந்தே இருக்கும். ஆக, வெப்பமான நாட்டுப் பிராணிதானே, நம்ம ஊர் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. அது வாழ்ந்தது அந்த நாட்டின் நிலத்தடியில்.

நான் சொல்ல வருவது மொத்தமும் இதில் அடங்கிவிட்டது. ஹாம்ஸ்டரின் வீடு தரைக்குக் கீழே இருக்கிறது. மாடி, ஏணி, குழாய் எதுவும் அதற்கு வேண்டாம். கண் பார்வை மங்கல், உயரம் கணிக்கத் தெரியாது, மாடியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது பரப்பும் ஆழமும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழப் படுகைகளில் (கூண்டின் அடியில் நிரப்பும் தூள், சீவல்) வைத்துப் பார்த்தார்கள். 10 சென்டிமீட்டரில் இருந்தவை கம்பியை மிக அதிகமாகக் கடித்தன. 80 சென்டிமீட்டரில் இருந்தவை கடிக்கவே இல்லை. கூண்டை விலைபேசும்போது இந்த முடிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அவ்வளவு ஆழமான கூண்டுக்கு எங்கே போவது? சென்னைக்காரர்களுக்கு விடை சுலபம். கொளத்தூர். வண்ணமீன் கடைகளும் கண்ணாடித் தொட்டி செய்கிறவர்களும் அங்கே வரிசையாக இருக்கிறார்கள். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று அளவு கொடுங்கள். ஜெர்மனியின் கால்நடை மருத்துவர்கள் சங்கம் ஒன்று சொல்லும் குறைந்தபட்ச அளவு 100-க்கு 50 சென்டிமீட்டர். நாலுக்கு இரண்டடி அதைவிடத் தாராளம். "தண்ணி ஊத்த மாட்டோம், எலிக்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெல்லிய கண்ணாடியில் செய்யலாம், விலையும் இறங்கும். இன்னும் சிக்கனமாக வேண்டும் என்றால் ஒழுகுகிற பழைய மீன் தொட்டி யாரிடமாவது கிடக்கிறதா என்று விசாரியுங்கள். மீனுக்கு ஆகாத தொட்டி இதற்கு நன்றாகவே ஆகும்.

மூடிக்குக் கண்ணாடி கூடாது. ஒரு மரச் சட்டத்தில் சின்னக் கண்ணுள்ள இரும்பு வலையை அடித்துப் போட வேண்டும். காற்று அந்த வழியாகத்தான் போய்வர வேண்டும். பிளாஸ்டிக் கொசுவலை உதவாது, ஒரே ராத்திரியில் கடித்து ஓட்டை போட்டுவிடும். மேலே தொட்டியின் விளிம்போடு இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தலை நுழைகிற சந்து இருந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

அடுத்தது படுகை. செலவும் உழைப்பும் இதில்தான் போகும், போகட்டும். தொட்டியில் பாதிக்கு 40 சென்டிமீட்டர் ஆழம், மறுபாதிக்கு 15 என்று சரிவாக நிரப்பினால்கூட 200 லிட்டர் வரை ஆகும். கடையில் தொங்கும் சின்னப் பாக்கெட்டுகளை வைத்து நிரப்பினால் சம்பளம் போய்விடும். காகிதப் படுகை அல்லது ஆஸ்பென் மரச்சீவல் பெரிய மூட்டையாகக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அச்சகங்களில் வெட்டிப் போடும் அச்சடிக்காத வெள்ளைத் தாள் துண்டுகளைக் கேட்டு வாங்கி, மெல்லிய கீற்றாக நறுக்கிக்கொள்ளலாம். நான் இரண்டையும் கலந்து போடுகிறேன். இடையிடையே முயலுக்கு விற்கும் திமோத்தி காய்ந்த புல்லை ஒரு அடுக்கு பரப்பி, கையால் நன்றாக அழுத்தி, அதன் மேல் மறுபடி காகிதம். அழுத்தாமல் கொட்டினால் சுரங்கம் நிற்காது, தோண்டத் தோண்டச் சரியும். புல் கலந்து அழுத்தினால் அப்படியே நிற்கும்.

மரக்கடைத் தூள் வேண்டாம். எந்த மரம், என்ன மருந்து அடித்த மரம் என்று கடைக்காரருக்கே தெரியாது, அந்தப் பொடி ஹாம்ஸ்டரின் நுரையீரலுக்கு ஆகாது. பைன், தேவதாரு வாசம் வருகிற சீவலும் கூடாது. கூடு கட்ட என்று பஞ்சு விற்பார்கள், அது எல்லாவற்றையும்விட ஆபத்து. நூல் காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், விழுங்கினால் குடலை அடைத்துவிடும். வாசனை இல்லாத வெள்ளை டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அது எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்பதை ஒருமுறை கிட்ட இருந்து பார்த்துவிட்டால் மறக்காது. எங்கள் வீட்டு சிரியன் பெண், பெயர் சுண்டல், டிஷ்யூத் துண்டை முதலில் முன்னங்காலால் பிடித்து நீளவாக்கில் கிழிக்கும். கிழித்ததை மடித்து மடித்துக் கன்னப் பைக்குள் திணிக்கும். தோள்பட்டை வரை நீளும் பை அது. முகம் இரண்டு பங்கு அகலமாகும்வரை திணித்துவிட்டு வாசலுக்குள் தலைகீழாக இறங்கும். தூங்கும் அறை கண்ணாடியை ஒட்டி அமைந்துவிட்டதால் உள்ளே நடப்பது தெரிந்தது. இரண்டு முன்னங்கால்களையும் கன்னத்தின் பின்புறம் வைத்து முன்னோக்கித் தள்ளும், காகிதம் சுருள் சுருளாக வெளியே வரும். அதை வட்டமாகச் சுற்றி வைத்து நடுவில் உட்கார்ந்து மூக்கால் அழுத்தும். அக்கா மகள் என்னிடம், "சித்தி, அது பெட் போடுது பாருங்க" என்றாள். அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் தாள் ஒட்டி வைத்திருக்கிறோம். பார்க்க வேண்டும் என்றால் மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். வெளிச்சம் பட்டால் அறையை இடம் மாற்றிவிடும்.

கனமான சாமான்களை வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. மண்சட்டி, கல், சக்கரம் எதையும் படுகையின் மேலே நேராக வைக்கக் கூடாது. அதன் அடியில் சுரங்கம் போனால் மேலே இருப்பது சரிந்து நசுக்கிவிடும். நாலு கால் வைத்த பலகை ஒன்றைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் ஊன்றி, அதன் மேல் இவற்றை வையுங்கள். தச்சரிடம் மிஞ்சிய பலகைத் துண்டு கேட்டால் கிடைக்கும். பெயின்ட், வார்னிஷ் எதுவும் அடிக்காத துண்டாக இருக்கட்டும்.

அந்தப் பலகை மேல் என்னவெல்லாம் வைக்கலாம் என்று யோசிக்கும்போது நம்ம ஊர் சாமான்கள் கை கொடுக்கும். கவிழ்த்து வைத்து ஒரு பக்கம் உடைத்து வாசல் எடுத்த சின்ன மண் கலயம், உடைத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கியது. இது வெயில் காலத்தில் மற்ற எந்தக் கடைப் பொம்மை வீட்டையும்விடக் குளிர்ச்சி. நார் சுத்தமாக நீக்கிய கொட்டாங்குச்சி. சமையல் மேடை போடுகிறவர்கள் வெட்டி எறியும் கிரானைட் துண்டு, வெயிலில் சுண்டல் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும் இடம் அதுதான். கடிக்கக் கொய்யாக் குச்சி. பூச்சிமருந்து அடிக்காத மரம் என்று தெரிந்தால் மட்டும் எடுத்து, கழுவி வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிக்க எதாவது எப்போதும் வேண்டும். வாசல்களின் அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. சிரியனுக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். கன்னம் நிறையத் தானியத்தோடு வரும்போது சின்ன ஓட்டையில் சிக்கிக்கொள்ளும்.

சக்கரத்தில் அளவுதான் பிரதானம். சிரியனுக்குக் குறைந்தது 28 சென்டிமீட்டர் விட்டம், குள்ள வகைகளுக்கு 20. ஓடும்போது முதுகு நேராக இருக்கிறதா என்று பாருங்கள், வில்லாக வளைந்தால் சக்கரம் சின்னது. ஓடுதளம் கம்பியாக இல்லாமல் முழுத் தகடாக இருக்க வேண்டும், கம்பிக்குள் கால் நுழைந்து ஒடியும். ராத்திரி முழுக்க ஓடும் பிராணி இது, சத்தம் போடாத சக்கரமாக வாங்கினால் வீட்டில் தூக்கம் இருக்கும். பிளாஸ்டிக் உருண்டைக்குள் போட்டு வீட்டுக்குள் உருளவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதற்குள் காற்றும் குறைவு, நினைத்தபோது வெளியே வரவும் முடியாது. அதை வாங்கவே வேண்டாம்.

ஒரு மூலையில் அகலமான மண் தட்டு வைத்து மணல் நிரப்புங்கள். அதில் புரண்டுதான் முடியின் எண்ணெய்ப்பசையை நீக்கிக்கொள்ளும். தண்ணீரில் ஒருபோதும் குளிப்பாட்டாதீர்கள், குளிரில் விறைத்துப்போகும். சின்சில்லாவுக்கு விற்கும் மாவு போன்ற தூளும் கூடாது. ஆற்று மணலைச் சலித்து, தூசி போகும்வரை பலமுறை அலசி, இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து ஆறவைத்துப் போடலாம். கடற்கரை மணல் உப்பு, அது வேண்டாம். பல ஹாம்ஸ்டர்கள் இந்த மணலின் ஒரு ஓரத்தையே கழிப்பிடமாக வைத்துக்கொள்ளும். உங்களுக்கும் வேலை மிச்சம்.

இனி எறும்பு. வெளிநாட்டுக் குறிப்புகளில் இது இருக்காது, நமக்கோ இதுதான் தினசரிப் பாடு. தானியம் இருக்கும் இடத்துக்கு எறும்பு வராமல் இருக்காது. எறும்புச் சாக்பீஸ், எறும்புப் பொடி, ஸ்ப்ரே எல்லாமே அந்தப் பிராணிக்கும் விஷம். பாட்டி காலத்து உணவு அலமாரிக்குச் செய்ததையே செய்யுங்கள். தொட்டி நிற்கும் ஸ்டாண்டின் நாலு காலுக்கும் நாலு கிண்ணம், அதில் தண்ணீர். ஸ்டாண்டு சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும், இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

கொசு என்றதும் இன்னொன்று. அந்த அறையில் கொசுவர்த்தி, லிக்விட் மெஷின், சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். பீரோவில் அந்துருண்டை இருந்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள். சுவரில் செருகும் எலி விரட்டி மெஷின் இருந்தால் கழற்றிவிடுங்கள். நம் காதுக்கு எட்டாத அந்தச் சத்தம் ஹாம்ஸ்டருக்குக் கேட்கும். தொட்டிக்கு ஜன்னல் வெயில் நேராகப் படக் கூடாது, டி.வி.க்குப் பக்கத்திலும் கூடாது. தீபாவளிக்கு வீட்டின் உள்பக்கத்து அறைக்கு நகர்த்த முடியுமா என்று இப்போதே யோசித்து இடம் பாருங்கள், நிரப்பிய தொட்டியை ஒருவர் தூக்க முடியாது.

மின்தடைக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இன்வர்ட்டர் ஃபேனைத் தாங்கும், ஏ.சி.யைத் தாங்காது. ஃப்ரீசரில் இரண்டு பாட்டில் தண்ணீரை எப்போதும் உறையவைத்திருங்கள். கரண்ட் போனால் துணியில் சுற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டி வையுங்கள். ஏ.சி. காற்றும் நேராகத் தொட்டியில் அடிக்கக் கூடாது. ஹாம்ஸ்டர் கைகால் பரப்பித் தட்டையாகப் படுத்து, வேகவேகமாக மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள்.

இவ்வளவும் தயாரான பிறகு கடைக்குப் போகலாம். அங்கே கட்டாயம் ஒரு வார்த்தை வரும், "ஜோடியா எடுத்துக்கோங்க, தனியா இருந்தா ஏங்கிடும்" என்று. என் அக்காவுக்கும் இதைத்தான் சொன்னார்கள். நம் மனசுக்கு நியாயமாகப் படும் பேச்சு, அதனால்தான் எடுபடுகிறது. சிரியன் ஹாம்ஸ்டர் வளர்ந்த பிறகு தன் இனத்தில் இன்னொன்றைத் தன் எல்லைக்குள் சகிக்காது. ராத்திரியில், நாம் தூங்கும்போது, ஒன்றை ஒன்று கடித்துக் கொன்றுவிடும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் கதை இன்னும் நீளும். சிரியனின் கர்ப்பகாலம் 16 நாள்தான். கடையில் ஒன்றாக அடைத்து வைத்திருந்த பெண் ஏற்கெனவே சினையாகவும் இருக்கலாம். ஒரு தொட்டிக்கு ஒரு ஹாம்ஸ்டர். குள்ள வகைகளுக்கும் இதையே நான் சிபாரிசு செய்வேன், அவற்றிலும் சண்டை வந்தால் பிரித்து வைக்க இன்னொரு தொட்டி வேண்டியிருக்கும்.

வாங்கி வரும்போது அது இருந்த இடத்துத் தூளில் ஒரு பிடி கேட்டு வாங்கி வந்து புதுப் படுகையில் ஓர் ஓரமாகப் போடுங்கள். பழகிய வாசம் இருந்தால் பதற்றம் குறையும். சுத்தம் செய்யும்போதும் இதே கணக்குதான். மொத்தத்தையும் அள்ளிக் கொட்டிவிட்டு டெட்டால் போட்டுக் கழுவும் ஆசையை அடக்க வேண்டும். ஈரமான மூலையை மட்டும் எடுத்து மாற்றினால் போதும். எப்போதாவது பெரிய மாற்றம் செய்தாலும் பாதிக்கு மேல் பழைய படுகையைத் திரும்பப் போடுங்கள். சேமித்து வைத்த தானியத்தை எடுத்தால் அதே இடத்தில் கொஞ்சம் புதுத் தானியம் வையுங்கள். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்தது அது.

முதல் சில நாட்கள் தொடவே வேண்டாம். தீனியைக் கிண்ணத்தில் வைக்காமல் படுகை மேலே தூவுங்கள், தேடித் தின்னட்டும். தினை, சாமை, கம்பு, சோளம் என்று நம் சிறுதானியங்கள் நல்ல அடித்தளம். அதோடு ஹாம்ஸ்டர் தீனி, வாரத்தில் ஓரிரு முறை துளி அவித்த முட்டை, நகத்தளவு வெள்ளரிக்காய். வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு, எலுமிச்சை, பச்சை உருளைக்கிழங்கு கூடாது. குள்ள வகைகளுக்கு நீரிழிவு எளிதில் வரும், பழம் கொடுக்கவே யோசியுங்கள். சாயங்காலம் அது தானாக எழுந்து வெளியே வரும் நேரத்தில் தொட்டியின் உள்ளே கையை வைத்து, அசையாமல், அதில் ஒரு பூசணி விதையோடு காத்திருங்கள். அதுவாக ஏறும்வரை. பகலில் வளையைத் தோண்டி எடுத்துப் பிள்ளைக்குக் காட்டக் கூடாது. பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரியும். அக்கா மகள் இப்போது வருகிறவர்களிடம், "அது தூங்குது, ஏழு மணிக்கு வாங்க" என்று சொல்கிறாள்.

கடைசியாக மருத்துவர். நாய், பூனை பார்க்கும் எல்லோரும் ஹாம்ஸ்டர் பார்ப்பதில்லை, எனவே முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம், உங்கள் பகுதியில் சின்னப் பிராணிகளைப் பார்க்கிறவர் யார் என்றும் விசாரிக்கலாம். இடம் மாறிய பதற்றத்தில் குட்டி சிரியன்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வந்து வால் பக்கம் நனைந்தே இருக்கும் நோய் ஒன்று உண்டு. இரண்டு மூன்று நாளில் உயிரை எடுத்துவிடும், அதனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. சமையலறைத் தராசு ஒன்றில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே உடம்பு இளைப்பது தெரிந்துவிடும். மருத்துவரின் நம்பரைத் தொட்டியின் பக்கவாட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.